மூன்று மில்லிமீட்டர் பாதுகாப்பு

படிவத்தில் மூன்றே வரிகள்தான் இருந்தன. 'தொட்டேன். புரிந்துகொண்டேன். மகிழ்ந்தேன்.' ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம், அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. தொட்டேன், ஆனால் புரியவில்லை என்பவர்களுக்குக் கட்டம் கிடையாது. புரிந்தது, ஆனால் மகிழ்ச்சி வரவில்லை என்று ஒருத்தி சொல்லக்கூடும் என்பதை அறக்கட்டளைக்காரர்கள் கற்பனைகூடச் செய்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, சிறுசேரியிலிருந்து கேளம்பாக்கம் திரும்பும் ஷட்டில் பஸ்ஸில், ஜெஸ்ஸியின் கைப்பேசி இதை அவள் காதில் இரண்டு முறை வாசித்தது. முதல் முறை, ஏதோ பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் முறைதான், படிவமே அவ்வளவுதான் என்று தெரிந்தது.

ஜெஸ்ஸிக்கு இருபத்தொன்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையில்லாதவர்கள் ஒரு செயலியைப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்து, பிழைகளை எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஒரு பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் உடனே குறை சொல்லிவிட மாட்டாள். முதலில் கைப்பேசியை மாற்றிப் பார்ப்பாள், பிறகு விரலை மாற்றிப் பார்ப்பாள், பிறகு ஒரு நாள் விட்டுப் பார்ப்பாள். அதற்குப் பிறகும் அறிக்கையின் கடைசியில் 'ஒருவேளை தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்' என்று ஒரு வரி எழுதித்தான் அனுப்புவாள். அந்த வரியை அவள் மேலாளர் ஒவ்வொரு முறையும் நீக்கிவிடுவார்.

இந்த முறை சோதிக்க வேண்டியது ஒரு பாறையை. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையை நான்கடி நீளத்துக்குச் சுருக்கி, ரெசினில் அச்செடுத்து, பார்வையில்லாதவர்கள் தொட்டுப் பார்க்க ஒரு கூடம் அமைக்கிறது அந்த அறக்கட்டளை. திங்கட்கிழமை மதியம் அந்த அச்சு வேனில் ஏறி, கும்பகோணம் பக்கத்தில் ஒரு வார்ப்புப் பட்டறைக்குப் போகிறது. வெண்கலத்தில் வார்த்துவிட்டால் பிறகு நூறு வருடத்துக்கு அதுதான். நன்கொடை கொடுத்த நிறுவனம், பார்வையில்லாத ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்று கேட்டிருந்தது. இல்லாவிட்டால் ஜெஸ்ஸியின் நினைவு அவர்களுக்கு வந்திருக்காது.

ஆனால் ஜெஸ்ஸிக்கு அந்தப் பாறையின் நினைவு எப்போதும் உண்டு. அவள் வளர்ந்தது கல்பாக்கம் குடியிருப்பில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மாலையில் அப்பா ஜெபகுமார் அவளை அந்தப் பாறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். "அப்பா, என்ன இருக்கு?" என்று கேட்பாள்.

"யானை இருக்கு மக்களே. பெரிய யானை."

"அப்புறம்?"

"அப்புறம் நெறைய பேரு இருக்காவ. முனிவரு, சாமி, அப்படி. வா, சுண்டல் வாங்குவோம்."

இருபது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்: ஒரு யானை, நிறைய பேர், சுண்டல். கையை நீட்டினால் காவலாளி விசில் ஊதுவார். அந்தப் பாறையில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இது ஒன்றே வாய்ப்பு. அவளுக்கு மட்டுமல்ல, அவளுக்குப் பின்னால் அங்கே வரப்போகிறவர்களுக்கும் இதுவேதான். அதனால் படிவத்தைத் திட்டிக்கொண்டே சனிக்கிழமை காலை அப்பாவின் காரில் ஏறினாள்.

அறக்கட்டளையின் தலைவர் வெங்கடராகவன், ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபத்தான பொருளுக்குப் பக்கத்தில் யார், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று முடிவு செய்தவர். நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் தடுப்பு வை. இந்த மூன்று விதிகளால் அவர் பலரைக் காப்பாற்றியிருக்கிறார் என்பது உண்மை. ஓய்வு பெற்றபின் அதே விதிகளோடு கலைக்குள் நுழைந்துவிட்டார். ஜெபகுமார் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். இன்றும் அவர் போனில் கூப்பிட்டால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுதான் பேசுவார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் ஜெஸ்ஸியின் இரண்டு கைகளையும் யாரோ பிடித்தார்கள். வெங்கடராகவனின் மனைவி பெருந்தேவி. ஓய்வு பெற்ற ஆசிரியை, அறக்கட்டளையின் செயலாளர்.

"விரலை நீட்டு குழந்தே. கையுறை போட்டு விடறேன்."

"தொட்டுப் பார்க்கறதுக்கா மாமி கையுறை?"

"வெறுங்கையால தொட்டா வியர்வை படுமோல்லியோ. உப்பு. வெண்கலம் பாழாயிடும்."

"இது இன்னும் வெண்கலம் ஆகலையே."

"பழகிக்கணுமே," என்றார் பெருந்தேவி, மிகுந்த அன்போடு.

வெங்கடராகவன் விதிகளைச் சொன்னார். ஒருவருக்குத் தொண்ணூறு விநாடி. முடிந்ததும் மணி அடிக்கும். தொடும்போது பின்னால் விளக்க உரை ஒலிக்கும். அதை எழுதிப் பேசியவர் பெருந்தேவி. உரை எவ்வளவு நேரம் என்று ஜெஸ்ஸி கேட்டாள். பதினோரு நிமிடம் என்றார்கள். இரண்டு எண்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்காமலே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறார்கள்.

உரை தொடங்கியது. 'கண்கொள்ளாக் காட்சி' என்ற சொல் முதல் நிமிடத்திலேயே இரண்டு முறை வந்தது. பல்லவர்களின் பெருமை முடிந்து பாறைக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. ஜெஸ்ஸி கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"சாரி சார். எனக்கு வெறுங்கை வேணும்."

இடக்கையை இடது ஓரத்தில் ஊன்றிக்கொண்டாள். அது நகராது. எங்கே தொடங்கினோம் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். வலக்கை வரிவரியாக, ஒரு விரல் அகலம் விட்டு ஒரு விரல் அகலமாக, இடமிருந்து வலம் போய்த் திரும்பியது. எல்லாமே வழவழவென்று இருந்தன. பத்து நாள் குளித்துத் தேய்ந்த சோப்புக்கட்டிகளை வரிசையாக ஒட்டி வைத்ததுபோல, மேடு, பள்ளம், மேடு, பள்ளம். எந்த மேடும் எங்கேயும் முடியவில்லை. விரலை நிறுத்தி 'இதோ நான்' என்று சொல்லும் ஒரு விளிம்புகூட இல்லை.

வெங்கடராகவன் அவள் கையைப் பிடித்து வலது கீழ்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். "இது என்ன, சொல்லு பார்ப்போம்."

"மூட்டை சார்."

"என்ன மூட்டை?"

"அரிசி மூட்டை. ரெண்டு. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு."

ஜெபகுமார் இருமினார். "யானைம்மா அது!" என்றார் வெங்கடராகவன். "உலகப் புகழ் பெற்ற யானை!"

"தந்தம் எங்க சார்?"

"எடுத்தாச்சு." அவர் குரலில் பெருமை பொங்கியது. "மூணு மில்லிமீட்டர் வளைவுக்குக் குறைஞ்சு ஒரு விளிம்பும் இதுல கிடையாது. ஆயிரத்து நானூத்துப் பன்னெண்டு இடத்துல அடையாளம் போட்டு அரத்தால ராவியிருக்கோம். உங்க மாதிரிப் பிள்ளைகள் விரல்ல ஒரு கீறல் பட்டா யார் பொறுப்பு?"

"நான் தினமும் காய் நறுக்கறேன் சார். கத்தியும் கூர்மைதான்."

"நீயா நறுக்கறே?" என்று பெருந்தேவி வியந்தார். அந்த வியப்பிலேயே பேச்சு நின்றுவிட்டது.

வெங்கடராகவன் கோப்பைப் புரட்டினார். இந்த மாதிரியை அவர் சும்மா முடிவு செய்துவிடவில்லை. குடியிருப்பின் நடைப்பயிற்சிக் கழகத்திலிருந்து ஐம்பது பேரை வரவழைத்து, துண்டால் கண்ணைக் கட்டி, தொடச் சொல்லியிருந்தார். நாற்பத்தெட்டுப் பேர் யானையைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

"அவங்க எல்லாரும் அந்தப் பாறையை ஏற்கெனவே பார்த்தவங்கதானே சார்?"

"பின்னே? இந்த ஊர்ல இருந்துண்டு பார்க்காம இருப்பாளா?"

ஜெஸ்ஸி அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்களும் தொட்டீங்களா?"

"ஆமா மக்களே. துண்டக் கட்டுன ஒடனே டக்குன்னு தெரிஞ்சிட்டு."

ஐம்பது பேர் தங்கள் ஞாபகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு யானை என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பட்டியல் போட்டு, சதவீதம் கண்டு, உறையிட்டு வைத்திருக்கிறது ஒரு படித்த கூட்டம். இது ஜெஸ்ஸிக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும், அவளுடைய பழைய நோய் விடவில்லை. பத்து வருடமாகக் கைப்பேசி வாசிக்கக் கேட்டே காலம் தள்ளுகிறோம், பிரெயில் தொட்டே மாதக்கணக்காகிறது, விரல் மழுங்கியிருக்குமோ? நாற்பத்தெட்டுப் பேருக்குத் தெரிந்த யானை எனக்கு மூட்டையானால் கோளாறு யானையிலா, என்னிடமா? கையெழுத்துக்குத் திங்கட்கிழமைவரை நேரம் கேட்டாள். வெங்கடராகவன் பெரிய மனதோடு கொடுத்தார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பசியில்லை என்று அவள் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. கல் தூசி வாசனையும் கூடவே வந்தது.

"இன்னா தங்கச்சி, மூட்டைன்னு சொல்லிட்டியாமே! வெளிய போய் நின்னு சிரிச்சேன். உள்ள சிரிச்சா அந்தாளு பேஜாரு பண்ணுவாரு."

கண்ணாயிரம். மாமல்லபுரத்தில் கல் பட்டறையில் வேலை செய்பவன். இந்த மாதிரியை ராவுவதற்கு மூன்று வாரம் கூப்பிட்டிருந்தார்கள்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. என் விரல்தான் தப்பா?"

"விரலு இன்னா பண்ணும்? இருந்தாத்தானே தெரியும்? நான்தானே ராவி எட்த்தேன். தந்தத்த ராவு, காத ராவு, மூக்க ராவுன்னா, கடைசில இன்னா மிஞ்சும்? மூட்டதான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத. அச்சு ரெண்டு வந்துச்சு. ஒண்ணுல கைய வச்சதுமே அவருக்கு விரல்ல குத்திக்கிச்சு. ஒடனே செவப்பு ஸ்டிக்கர ஒட்டி ஒதுக்கிட்டாரு. மோட்டாரு ரூம் பின்னால சாத்தி வச்சிக்கீது. ராவாத பீஸு."

ஜெஸ்ஸி எழுந்துவிட்டாள்.

மோட்டார் அறைக்குப் பின்னால் வெயில் காய்ந்தது. இடக்கையை ஊன்றி, வலக்கையை ஓடவிட்டாள். முதல் வரியிலேயே விரல் நின்றது. சீப்புப் பல் மாதிரி வரிவரியாக ஏதோ. ஒரு மனிதனின் விலா எலும்புகள். மேலே போனால் தலைக்கு மேல் குவிந்த இரண்டு கைகள், கீழே போனால் ஊன்றிய ஒரே ஒரு கால். இதுதான் தபசா? இத்தனை மெலிந்தவன் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. கீழே ஒரு மான், பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தது. பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு. அதில் பாம்பு உடம்போடு நாகர்கள். பிளவைத் தாண்டியதும் ஒரு பெரிய நெற்றி, காது மடிப்பு, துதிக்கை. தந்தம் சுண்டுவிரலில் சுருக்கென்று குத்தியது. யானை. அதன் வயிற்றுக்கடியில் இரண்டு மூன்று குட்டிகள். பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்த அந்த யானைக்குக் குட்டிகள் உண்டு என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது.

யானையின் முன்பக்கம் கீழே, கட்டைவிரல் உயரத்தில் இன்னொன்று நின்றது. வயிறு தெரிய, கைகள் மேலே.

"அண்ணே, இது யாரு? குட்டி முனிவரா?"

"பூனை தங்கச்சி! அங்க தவம் பண்றாரே, அவர மாதிரியே ரெண்டு கால்ல நின்னுகினு கைய தூக்கிகினு கீது. கீய தொட்டுப் பாரு. எலிங்க."

எலிகள் இருந்தன. ஜெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். கருங்கல்லில் செதுக்கிய ஒரு நகைச்சுவை, ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து முதல் தடவையாக அவள் விரலுக்கு வந்து சேர்ந்திருந்தது. கூடத்துக்குத் திரும்பி அந்த வழவழப்பு மாதிரியில் அதே இடத்தைத் தேடினாள். ஒரு கொண்டைக்கடலை அளவு மேடு இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்களிடம் நேராகவே சொன்னாள். ராவாததையே வார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டாள்.

"அது கண்டெம்ன்டு பீஸ். கழிச்சு ஒதுக்கினது," என்றார் வெங்கடராகவன்.

"எனக்கு அதுல எல்லாம் புரிஞ்சுது சார்."

"நீ ஒருத்தி. என்கிட்ட ஐம்பது பேரோட புள்ளிவிவரம் இருக்கு. புள்ளிவிவரத்துல ஒருத்தர்ங்கறது பூஜ்யம்."

ஜெஸ்ஸி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப அந்தச் சோதனையையே திங்கட்கிழமை காலையில இன்னொரு தடவை செய்யலாமா சார்? நான் கூட இருந்து குறிச்சுக்கறேன். முதல்ல நீங்களே தொடுங்க."

சோதனை என்ற சொல்லுக்கு அவர் மறுப்புச் சொன்னதே கிடையாது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு ஏழு மணிக்கே வந்துவிட்டாள். அப்பா வெளியே காரை நிறுத்துவதற்குள் கண்ணாயிரமும் அவளும் சேர்ந்து, வழவழப்பு மாதிரியை மேசை மேலேயே தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள். யானை இருந்த வலது கீழ் மூலையில் இப்போது வானத்தில் பறப்பவர்கள் தலைகீழாக இருந்தார்கள்.

நடைப்பயிற்சி முடித்து, ஷூவும் வியர்வையுமாகப் பத்துப் பேர் வந்தார்கள். வெங்கடராகவனையும் அப்பாவையும் சேர்த்துப் பன்னிரண்டு. வாசலிலேயே கண்களைக் கட்டி, கையுறை மாட்டி, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினாள் ஜெஸ்ஸி. முடித்தவர்கள் துண்டை அவிழ்க்காமல் சுவரோரம் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் வெங்கடராகவன். கையை வைத்த நான்காவது விநாடியில், வலது கீழ் மூலையைத் தட்டி, "யானை," என்றார். "சந்தேகமே இல்லை. கம்பீரமான யானை."

அடுத்தவரும் யானை என்றார். அதற்கு அடுத்தவர் யானையோடு நிற்காமல் அர்ச்சுனனையும் கண்டுபிடித்து, அவன் முகத்தில் சாந்தம் இருப்பதாகச் சொன்னார். திருநாவுக்கரசு என்ற ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர் மட்டும் நெடுநேரம் தடவிவிட்டு, "ஒண்ணும் வெளங்கலைங்க," என்றார். சுவரோரத்திலிருந்து, "ஒழுங்கா தொடும்யா!" என்று மூன்று பேர் அதட்டினார்கள். அவசரமாக அவரும் யானை என்று மாற்றிக்கொண்டார்.

கடைசியில் அப்பா.

"இந்தா இருக்குல்லா யானை," என்றார் ஜெபகுமார். குரலில் அதே ஞாயிற்றுக்கிழமை நிதானம். "தும்பிக்கை இருக்கு, தந்தம் இருக்கு. எல்லாம் தெளிவா இருக்கு மக்களே."

தந்தம் அந்தப் பக்கத்தில் மட்டுமல்ல, அந்த மாதிரியிலேயே எங்கும் கிடையாது. இந்தக் குரல் சொன்னதைத்தான் இருபது வருடம் ஜெஸ்ஸி நம்பியிருக்கிறாள்.

"எல்லாரும் துண்டை அவுத்துக்கலாம்," என்றாள்.

யாரோ ஒருவர் ஷூ காலை நகர்த்தினார். அப்போதுதான் உள்ளே வந்த பெருந்தேவி, "என்னன்னா இது, தலைகீழா இருக்கே," என்று மெல்லச் சொன்னார்.

ஜெஸ்ஸி காத்திருந்தாள். இதைவிடத் தெளிவாக ஒரு பிழையை அவள் யாருக்கும் காட்டியதில்லை. இந்த முறை 'தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்' என்ற வரிக்கு இடமே இல்லை.

வெங்கடராகவன் தொண்டையைச் செருமினார். "பன்னெண்டுக்குப் பன்னெண்டு. நூத்துக்கு நூறு. கவனிச்சேளா? தலைகீழா வெச்சாலும் புரியறது. எந்தப் பக்கம் வெச்சாலும் யானை யானைதான். இதைவிட உறுதியான வடிவமைப்பு உலகத்துல உண்டோ?"

யாரோ கைதட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். திருநாவுக்கரசும் தட்டினார். வெங்கடராகவன் புதிய சதவீதத்தை அறிக்கையில் சேர்க்கப் பக்கத்து அறைக்குப் போனார். மற்றவர்கள் இட்லி சாப்பிடப் போனார்கள்.

ஜெஸ்ஸி மோட்டார் அறைப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே அப்பா வந்தார்.

"மக்களே, நான் சொன்னது..."

"தலைகீழா இருந்துச்சு அப்பா. தந்தமே இல்ல."

"பாத்தேன்."

"அங்க ஒரு பூனை இருக்கு. தெரியுமா?"

"பூனையா? தபசுப் பாறையிலயா?"

அவர் விரலைப் பிடித்து, ராவாத மாதிரியில் பூனையின் வயிற்றின் மேல் வைத்தாள். பிறகு எலிகளின் மேல். அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே வெகுநேரம் தடவினார்.

"நான் அங்க சுண்டல்காரன் எங்க நிக்கான்னுதான் பாத்திருக்கேன்," என்றார் கடைசியில். "பாறையப் பாக்கவே இல்ல."

அதற்கு ஜெஸ்ஸி சமாதானம் எதுவும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிட்ட மனிதருக்குச் சமாதானம் தேவையில்லை என்று தோன்றியது. அவள் மனம் வேறொன்றில் ஓடிக்கொண்டிருந்தது. தலைகீழாக வைத்ததையே கண்டுபிடிக்க முடியாதவர்கள், எதை வைத்தால் எதைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அவர்களை மாற்றத்தான் அந்தச் சோதனையை வைத்தாள். அவர்கள் மாறவில்லை. ஆனால் சோதனை அவளுக்கு வேறொன்றை நிரூபித்துக் கொடுத்திருந்தது.

"அண்ணே, வேன் எத்தனை மணிக்கு?" என்று மோட்டார் அறை வாசலில் நின்றவனிடம் கேட்டாள்.

"பன்னெண்டுக்கு," என்றான் கண்ணாயிரம். பிறகு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இன்னா, இத்த ஏத்திடவா?"

அவள் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. இது ஏமாற்று வேலைதானே என்று ஒரு பக்கம் உறுத்தியது. கீறல் பட்டால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டதும் காதில் நின்றது. ஆகவே மறுபடி இடக்கையை ஊன்றி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, இந்த முறை எது குத்துகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று இடங்கள் உண்மையிலேயே தோலைக் கிழிக்கும். ஒரு தந்தத்தின் நுனி, ஒரு நாகத்தின் படம், கீழ் ஓரத்தில் ஒரு பிசிறு. அந்த மூன்றை மட்டும் கண்ணாயிரம் உப்புத்தாளால் தேய்த்தான். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் மூன்றில் வெங்கடராகவன் சொன்னது சரி. அதை அவள் மறுக்கவில்லை.

"உங்களுக்குப் பிரச்சனை வராதா அண்ணே?"

"இன்னா பிரச்சன? இன்னா ஏத்துனன்னு கேட்டா, யானை போட்ட பீஸுன்னுவேன். அவுரு எந்தப் பக்கம் பாத்தாலும் யானதானே!"

சிவப்பு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தான். சாக்கைப் போட்டுச் சுற்றினான். வழவழப்பு மாதிரியைத் தூக்கி வந்து, மோட்டார் அறைக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்கச் சாத்தினார்கள். வேன் வந்தபோதும் வெங்கடராகவன் பக்கத்து அறையில் அறிக்கையோடுதான் இருந்தார். சாக்குக் கட்டின் ஒரு முனையைக் கண்ணாயிரம் பிடித்தான். மறுமுனையை ஜெபகுமார் பிடித்தார். முப்பது வருடம் வெங்கடராகவன் நீட்டிய தாளிலெல்லாம் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்ட கை அது.

"சாருக்குத் தெரிஞ்சா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"கண்ணைக் கட்டி, கையுறை போட்டு, சாரே காலையில காட்டிட்டாரே அப்பா. தெரியாது."

வேன் கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பும் சத்தம் ஓய்ந்தபின் ஜெஸ்ஸி உள்ளே போனாள். படிவம் தயாராக இருந்தது. பெருந்தேவி கைநாட்டு வைக்க மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். ஜெஸ்ஸி ஒரு பேனா கேட்டாள், வரி பிசகாமலிருக்க ஓர் அட்டையும் கேட்டாள். மூன்று கட்டங்கள் எங்கே என்று அப்பா காட்ட, மூன்றிலும் குறியிட்டாள். தொட்டேன், புரிந்துகொண்டேன், மகிழ்ந்தேன். வேனில் போகும் மாதிரியைப் பொறுத்தவரை மூன்றும் மெய். அட்டையை ஓரமாக வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"பார்த்தியா, ஒரு நல்ல வடிவமைப்புக்கு எதிர்ப்பு ரெண்டு நாள்தான்," என்று வெங்கடராகவன் மனைவியிடம் சொன்னார். பிறகு திடீரென்று பதறினார். "அடடா, போட்டோ! தொடற மாதிரி ஒரு போட்டோ கேட்டிருந்தாளே கம்பெனியில. வண்டி போயிடுத்தே!"

"அதுக்கென்ன," என்றார் பெருந்தேவி, கைப்பேசியை எடுத்தபடி. "வெறும் மேசை மேல கையை வெச்சுக்கட்டும். பாறையைப் பின்னால சேர்த்துக்கலாம். குழந்தே, கையை வெச்சுக்கோ. தொடற மாதிரி கொஞ்சம் சிரி."

ஜெஸ்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காலி மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் நகர்த்தும்மா," என்றார் வெங்கடராகவன். "யானை மேல கை இருக்கணும்."

"எந்தப் பக்கம் சார் யானை?"

அவர் ஒரு கணம் யோசித்தார்.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன," என்றார். "சும்மா வைம்மா."